மரம் எரிவதே இல்லை, தெரியுமா?

அடுப்பில் எரிகிற விறகைக் கொஞ்சம் குனிந்து உற்றுப் பாருங்கள். சுவாலை கட்டையைத் தொட்டுக்கொண்டா நிற்கிறது? இல்லை! கட்டைக்கும் சுவாலைக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரியும். ரகசியமே அங்கேதான் இருக்கிறது. சுவாலையாக எரிவது மரம் அல்ல, மரம் சூட்டில் சிதைந்து வெளியே விடுகிற வாயு! அந்த வாயு காற்றோடு கலந்த இடத்தில்தான் நெருப்பு நிற்கும். நெருப்பின் சூடு திரும்பி வந்து கட்டையைத் தாக்கும், கட்டை மேலும் வாயுவை விடும், நெருப்பு மேலும் வளரும். கடைசியில் மிஞ்சுகிற கரி மட்டுமே திடப்பொருளாக இருந்தபடி எரிகிறது. அதற்குச் சுவாலை கிடையாது. சிவந்து கனலும், அவ்வளவுதான்.

நம்ப முடியவில்லையா? இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஐரோப்பாவைக் கேளுங்கள். பெட்ரோல் தட்டுப்பாட்டில் ஜெர்மனியிலும் சுவீடனிலும் கார்களின் பின்னால் ஒரு இரும்பு உருளையை மாட்டினார்கள். அதற்குள் மரத்துண்டுகளைப் போட்டு, காற்றைக் குறைத்துச் சூடாக்கி, வருகிற வாயுவை இன்ஜினுக்குள் விட்டார்கள். கார் ஓடியது! அதே நாட்களில் சென்னை மாகாணத்து பஸ்கள் மரத்துக்குப் பதில் கரியைப் போட்டு, கரி வாயுவில் ஓடின. வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் கிளீனர் வேர்க்க விறுவிறுக்கக் கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூத வேண்டும். அந்தக் கதையை உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லியிருக்கக்கூடும்.

சரி, இந்த வாயு எப்போது வெளிவரும்?

முதலில் மரம் செய்கிற வேலை தண்ணீரை விரட்டுவது. நன்றாக உலர்ந்தது என்று ஆசாரி தட்டிப் பார்த்துச் சொல்கிற மரத்திலும் 12 சதவீதம் போல ஈரம் உண்டு. 10 கிலோ எடையுள்ள சட்டத்துக்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர்! அது ஆவியாகி முடிகிறவரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டத் தயங்கும். ஈர விறகின் ஒரு முனை அடுப்பில் இருக்க, மறுமுனையில் புசுபுசுவென்று நுரை வருவதைப் பார்த்திருப்பீர்கள். இழைகள் வழியாக ஆவியும் தண்ணீரும் தப்பி ஓடுகிற காட்சி அது. வழி கிடைக்காமல் உள்ளே சிக்கிக்கொண்ட ஆவி மரத்தைப் பிளந்துகொண்டு வரும்போதுதான் அந்த 'படார்' சத்தம்.

தண்ணீர் போனதும் மரத்தின் மூன்று கூட்டாளிகள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள். 200 டிகிரிக்கு மேல் முதலில் போவது ஹெமிசெல்லுலோஸ். 300 முதல் 350 வரை செல்லுலோஸ், இழைகளின் முதுகெலும்பே அதுதான்! அது உடைகிறபோதுதான் எரிவாயு குபுகுபுவென்று கொட்டுகிறது. மூன்றாவது ஆள் லிக்னின், இழைகளை ஒட்டிவைத்திருக்கிற பசை. இது மகா பிடிவாதக்காரன். 200-ஐத் தாண்டியதும் உடையத் தொடங்கி 450 டிகிரிக்கு மேலும் இழுத்துக்கொண்டே போவான். கரியாக மிஞ்சுவதில் பெரும்பங்கு இவனுடையது.

மரத்தின் மேற்பரப்பு 300 முதல் 365 டிகிரிக்குள் வந்துவிட்டால், பக்கத்தில் ஒரு சிறு பொறி இருந்தாலே போதும், குப்பென்று பற்றிக்கொள்ளும். அப்படியானால் மரத்தின் தீப்பற்று வெப்பநிலை இதுதான் என்று ஒரே எண்ணைப் பாடப்புத்தகத்தில் எழுதிவிடலாமா? முடியாது! அங்கேதான் வேடிக்கை தொடங்குகிறது. மரத்தின் தடிமன், ஈரம், எவ்வளவு நேரம் சூடு விழுந்தது, பக்கத்தில் பொறி உண்டா இல்லையா, காற்று எப்படி வீசுகிறது... இத்தனையும் அந்த எண்ணை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் தீ ஆய்வாளர்கள் டிகிரிக் கணக்கை மட்டும் நம்புவதில்லை. மரத்தின் மேல் எவ்வளவு வெப்பம் வந்து விழுகிறது என்று கேட்கிறார்கள்.

உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோவாட் கொண்டுவந்து கொட்டுகிறது. சித்திரை வெயிலில் வாசல் கதவு கையைச் சுடும், பற்றாது. பொறியின் உதவியோடு மரம் பற்ற வேண்டுமானால் 12 கிலோவாட்டாவது வேண்டும். ஒரே நேரத்தில் பன்னிரண்டு சூரியன்கள்! பிரிட்டனில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்த எண்ணை ஒட்டித்தான் போடுகிறார்கள். எதிர்வீடு எரிந்தால் உங்கள் வீட்டு மரத்தின் மேல் 12.6 கிலோவாட்டுக்கு மேல் விழக்கூடாது என்பது கணக்கு.

காட்டுத்தீயோடு குடித்தனம் நடத்துகிற ஆஸ்திரேலியாவில் இதைவிடக் கறார். 29 கிலோவாட் வரை வெப்பம் விழக்கூடிய இடங்களில் வெளிப்புற மரவேலைக்குப் பதப்படுத்தாமலே ஏற்கத்தக்கவை என்று அவர்களுடைய தரநிலை பட்டியலிட்டிருப்பது வெறும் ஏழு கடின மரங்களை. மெர்பாவும் சிவப்பு அயர்ன்பார்க்கும் ரிவர் ரெட் கம்மும் அதில் உண்டு. பெயரிலேயே இரும்பை வைத்திருக்கிற மரம் பட்டியலில் வந்ததில் ஆச்சரியமில்லைதான்.

இன்னொரு திகில் கணக்கு. அறைக்குள் ஒரு சோபா பற்றி எரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புகை மேலே ஏறிக் கூரையடியில் தேங்கும். அந்தப் புகைப்படலம் 600 டிகிரியைத் தொடும்போது தரையின் மேல் 20 கிலோவாட் வெப்பம் விழத் தொடங்கும். அப்போது என்ன ஆகும்? நெருப்பே தொடாத மேசை, நாற்காலி, புத்தகம், பாய் எல்லாமே சில நொடிகளில் ஒன்றாகப் பற்றும்! தீயணைப்பு வீரர்கள் உலகம் முழுவதும் அஞ்சுகிற நொடி அதுதான். அதன் பிறகு அந்த அறைக்குள் யாரும் உயிரோடு இருக்க முடியாது.

இரும்பை விட மரம் உறுதியாக நிற்கும், தெரியுமா?

மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை மாட்டுவதை நேரில் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். இரும்புப் பட்டையை வட்டமாக நெருப்பிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியில் தூக்கிவந்து மரச்சக்கரத்தின் மேல் இறக்குவார்கள். சுற்றிலும் புகை, சட்டென்று சுவாலை! உடனே குடம் குடமாகத் தண்ணீர். இரும்பு சுருங்கிச் சக்கரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். சக்கரம் எரிந்துபோனதா? விளிம்பில் ஒரு நூல் கனம் கருகியிருக்கும், அவ்வளவுதான்!

காரணம் மிக எளிது. மரம் வெப்பத்தைக் கடத்துவதில் படு சோம்பேறி. இரும்பு அதைவிட 300 மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துகிறது. மரத்தின் வெளிப்புறம் கருகியதும் அந்தக் கரி மரத்தைவிடவும் மந்தமான கடத்தியாகி, உள்ளே இருக்கிற மரத்துக்குக் கவசமாகிவிடுகிறது. பைன் போன்ற மென்மரச் சட்டம் ஒன்றின் ஒரு பக்கம் முழுதாக எரிந்துகொண்டிருந்தாலும் கரி உள்ளே நகர்கிற வேகம் நிமிடத்துக்கு 0.65 மில்லிமீட்டர்தான். அடர்ந்த கடின மரமாக இருந்தால் 0.5 மில்லிமீட்டர். மழைக்கால நத்தை கூட இதைப் பார்த்துச் சிரிக்கும்.

இது வாய்ப்பேச்சு இல்லை, ஐரோப்பியக் கட்டுமான விதிநூலில் அச்சாகியிருக்கிற எண்கள். பொறியாளர்கள் இதை வைத்து எப்படிக் கணக்குப் போடுகிறார்கள் பாருங்கள். 30 சென்டிமீட்டர் சதுரத் தூண் ஒன்று. நாலு பக்கமும் ஒரு மணி நேரம் தீ. சோதனை உலையில் அந்த ஒரு மணி நேர முடிவில் வெப்பம் 945 டிகிரியாக இருக்கும், அலுமினியம் உருகி ஓடிய பிறகும் நெடுந்தூரம் மேலே! அதற்குள் ஒவ்வொரு பக்கமும் 39 மில்லிமீட்டர் கரியாகும். அதற்கடுத்த 7 மில்லிமீட்டரைச் சூடுபட்டது என்று சொல்லிக் கணக்கிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். மிச்சம் 20 சென்டிமீட்டர் சதுரத்துக்கு நல்ல மரம், உள்ளே குளுகுளுவென்று நிற்கிறது. அது கட்டடத்தைத் தாங்குமா என்று பார்த்துத் தாங்கும்படி முதலிலேயே பருமனாகப் போட்டுவிட்டால் தீர்ந்தது கதை.

இரும்பு உத்தரம் இதே தீயில் என்ன செய்யும்? எரியாது, உண்மைதான். ஆனால் 600 டிகிரியில் தன் பலத்தில் பாதிக்கு மேல் இழந்துவிடும். அதோடு விடுவதில்லை. 10 மீட்டர் இரும்பு உத்தரம் அந்தச் சூட்டில் 7 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டு சுவரையே வெளியே தள்ளும்! மரமோ ஈரம் போனதில் சற்றுச் சுருங்குமே தவிர நீளாது. எரிந்து முடிந்த ஒரு கட்டடத்தில், கருகியும் நேராக நிற்கிற மர உத்தரத்தின் மேல் இரும்பு விட்டங்கள் ஈரத்துணி மாதிரி மடிந்து தொங்குகிற பழைய அமெரிக்கப் புகைப்படம் ஒன்று மரப் பொறியியல் வகுப்புகளில் தவறாமல் வந்துவிடும். மரக் கம்பெனிக்காரர்கள் அதைக் காட்டிக் காட்டியே தேய்த்துவிட்டார்கள் என்றாலும், படம் என்னவோ அசத்தல்தான்.

கல்லை நம்பலாமே என்கிறீர்களா? 2018 பிப்ரவரி 2-ஆம் தேதி இரவு மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் கடைகளில் பிடித்த தீ வீரவசந்தராயர் மண்டபத்தை என்ன செய்தது என்று நினைத்துப் பாருங்கள். எரிந்தது கடைகளிலிருந்த சரக்கு. வெடித்து விரிசல் விட்டது கருங்கல்! கருங்கல்லில் குவார்ட்ஸ் என்னும் கனிமம் இருக்கிறது. 573 டிகிரியில் அதன் படிக அமைப்பே மாறிச் சட்டென்று வீங்கும். பக்கத்துக் கனிமங்கள் அதற்கு ஈடுகொடுக்காததால் கல் பிளக்கும்.

அப்படியானால் பாரிஸ் நோத்ர தாம் ஏன் எரிந்தது?

நல்ல கேள்வி! 2019 ஏப்ரல் 15 மாலை, அந்தத் தேவாலயத்தின் கூரைக்கடியில் இருந்த ஓக் மரச் சட்டகம் முழுவதும் எரிந்தது. மரங்கள் அவ்வளவு நெருக்கமாக நின்றதால் அதற்கு 'காடு' என்றே செல்லப்பெயர். பெரும்பகுதி 12, 13-ஆம் நூற்றாண்டு வேலை. தீ தெரியவந்து ஒன்றரை மணி நேரம் போல ஆனபோது கோபுர ஊசி முறிந்து விழுந்தது. எண்ணூறு ஆண்டு வைரம் பாய்ந்த மரம் இப்படியா போக வேண்டும்?

விடை உங்கள் வீட்டு அடுப்பிலேயே இருக்கிறது. ஒற்றை விறகை மட்டும் எரிய விட்டுப் பாருங்கள், சற்று நேரத்தில் அணைந்துவிடும். இரண்டு மூன்றைச் சற்று இடைவெளி விட்டுச் சேர்த்து வைத்தால் திகுதிகுவென்று எரியும். ஒரு கட்டையின் கங்கு எதிர்க்கட்டையைச் சுட, அது இதைத் திருப்பிச் சுட, இரண்டும் வீணாகப் போக வேண்டிய வெப்பத்தைப் பரிமாறிக்கொள்கின்றன! நோத்ர தாம் கூரைக்கடியில் நூற்றுக்கணக்கான சட்டங்கள், நடுநடுவே தாராளமாகக் காற்று, மேலே வெப்பத்தைத் தப்பவிடாத ஈயத் தகட்டுக் கூரை. தனித்தனியாக நின்றால் தாக்குப்பிடித்திருக்கக்கூடிய மரங்கள் கூட்டமாக நின்று ஒன்றையொன்று எரித்துவிட்டன.

மறுபடி கட்டும்போது பிரெஞ்சுக்காரர்கள் இரும்புக்கோ கான்கிரீட்டுக்கோ மாறினார்களா? மாறவில்லை! பழையபடியே ஓக். சுமார் 2,000 ஓக் மரங்களை வெட்டிக் கோடரியால் செதுக்கி அதே முறையில் சட்டகம் போட்டார்கள். கூடவே கூரைக்கடியில் தண்ணீரைப் பனிமூட்டம் போலத் தூவும் கருவிகள். 2024 டிசம்பரில் தேவாலயம் திறந்தாயிற்று. பிடிவாதம் என்று சிலர் திட்டினார்கள். எனக்கென்னவோ அந்தப் பிடிவாதம் பிடித்திருக்கிறது.

சீசரையே திணறடித்த மரம்

ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்த சம்பவம் இது. ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் லாரிக்னும் என்றொரு கோட்டை. வாசலில் லார்ச் மரத் தூலங்களைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய ஒரு காவல்கோபுரம். ஜூலியஸ் சீசரின் வீரர்கள் அதைச் சுற்றிச் சுள்ளிக்கட்டுகளைக் குவித்துக் கொளுத்தினார்கள். தீ வானளாவ எழுந்தது, முடிந்தது கோபுரம் என்று எல்லோரும் நினைத்தார்கள். தீ அடங்கியதும் பார்த்தால் கோபுரம் அப்படியே நிற்கிறது! சரணடைந்த ஊர்க்காரர்களிடம் சீசர் முதலில் விசாரித்தது, இந்த மரம் எங்கே கிடைக்கிறது என்பதையாம். லார்ச் எரியாத மரம் என்று விட்ருவியஸ் முடிவுகட்டிவிட்டார். அது தவறு, லார்ச் நன்றாகவே எரியும். நெருக்கமாக அடுக்கிய பருத்த தூலங்களைச் சுள்ளித் தீயால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுதான் நடந்திருக்கும். சுள்ளி நிமிடங்களில் தீர்ந்துபோகும், தூலமோ நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூடக் கொடுக்காது.

இன்னொரு ரோமானியத் தளபதி சுல்லாவுக்கும் இதே அவமானம், கி.மு. 87-86 ஏதென்ஸ் முற்றுகையில். பைரயஸ் துறைமுகத்தைக் காத்த ஆர்க்கெலாவுஸ் கட்டியிருந்த மரக்கோபுரம் எத்தனை முறை கொளுத்தியும் பற்றவே இல்லை. மரம் முழுக்க அவர் பூசியிருந்தது என்ன தெரியுமா? படிகாரம்! சவரம் செய்த கன்னத்தில் தடவுகிறோமே, அதே படிகாரம்.

அங்கிருந்து தாவுங்கள் 1821-க்கு. திரைச்சீலைகள் தீப்பிடித்து நாடகக் கொட்டகைகள் சாம்பலாகிக்கொண்டிருந்த காலம். பிரெஞ்சு மன்னர் பதினெட்டாம் லூயிக்காக வழி தேடிய வேதியியலாளர் கே-லுசாக், அம்மோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெண்காரம் ஆகியவற்றில் துணியை ஊறவைத்தால் தீ பரவாது என்று கண்டுபிடித்தார். இருநூறு ஆண்டுகள் ஆகியும் மரத்துக்கான தீத்தடுப்பு மருந்துகளில் அந்தப் பாஸ்பேட்டுகளும் வெண்காரக் குடும்பமும்தான் இன்னமும் கோலோச்சுகின்றன. நம் நாட்டிலும் தீத்தடுப்பு பிளைவுட்டுக்கு ஐ.எஸ். 5509 என்று தனித் தரநிலையே உண்டு. தியேட்டர், ஆஸ்பத்திரி உள்வேலைக்குப் பலகை வாங்குகிறவர்கள் பலகையின் மேல் அந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மருந்து ஏற்றிய மரம் சாதா மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே கருகத் தொடங்கிவிடும்! இதென்ன தலைகீழ்? அதுதான் தந்திரமே. எரிவாயு உண்டாவதற்கு முன்பே மரத்தை அவசர அவசரமாகக் கரியாகவும் தண்ணீராகவும் மாற்றிவிடுகிறது மருந்து. வாயு இல்லையென்றால் சுவாலை எங்கிருந்து வரும்?

இந்த மருந்து உங்கள் பூஜையறையிலும் இருக்கிறது, தெரியுமா? தீக்குச்சியில்! தீப்பிடிப்பதற்கென்றே பிறந்த குச்சியில் தீத்தடுப்பு மருந்தா? ஆமாம்! குச்சியை முதலில் அம்மோனியம் பாஸ்பேட் கரைசலில் நனைத்து உலர்த்துவார்கள். ஊதி அணைத்த பிறகு குச்சி உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து, எறிந்த இடத்தில் குப்பையைப் பற்றவைக்காமல் இருப்பதற்காக. அப்புறம் தலைப்பக்கம் கொஞ்சம் பாரஃபின் மெழுகு, மருந்துத் தலையின் சுவாலை மரத்துக்குத் தாவுவதற்காக. எரியச் சொல்லி ஒன்று, கனலாதே என்று ஒன்று, ஒரே சுண்டுவிரல் நீளத்துக்குள்! 1922-ல் சிவகாசியிலிருந்து கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுவந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழில், இன்று நம் கரிசல் சீமையின் அடையாளம். ஒரு குச்சியை அணைத்துவிட்டு அடுத்த நொடி அதன் நுனியைப் பாருங்கள். சிவப்பே தெரியாது.

நெருப்பையே மருந்தாக்கியவர்கள்

ஜப்பானில் யாக்கிசுகி என்றொரு பழைய கைவினை. சுகி என்னும் மரத்தின் பலகை மூன்றை முக்கோணக் குழாய்போலச் சேர்த்துக் கட்டி, அடியில் தீயிட்டு, புகைபோக்கி மாதிரி உட்பக்கத்தைச் சில நிமிடம் எரிய விட்டு, பிரித்துத் தண்ணீர் ஊற்றுவார்கள். கரிந்த பக்கம் வெளியே தெரியும்படி வீட்டுச் சுவரில் அடித்துவிடுவார்கள். மழை, பூச்சி, பூஞ்சை எல்லாவற்றுக்கும் பெப்பே! ஏற்கெனவே கருகியதால் மறுபடி பற்றவும் சுணங்கும். வேலிக்கல் கிடைக்காத ஊர்களில் கம்பம் நடுவதற்கு முன் மண்ணுக்குள் போகும் முனையைத் தீயில் வாட்டிக் கரியாக்கிக்கொள்வதும் இதே அறிவுதான்.

பின்லாந்துக்காரர்கள் இதை இன்னும் நாசூக்காகச் செய்கிறார்கள். மரத்தை உலையில் வைத்து 190, 212 டிகிரி வரை சூடேற்றுவார்கள். பற்றிக்கொள்ளாதா? உலை முழுக்க நீராவி நிற்பதால் ஆக்சிஜனுக்கு உள்ளே இடமில்லை. முதலில் கழன்றுபோகும் ஹெமிசெல்லுலோஸ்தான் ஈரத்தைக் குடிப்பதிலும் முதல் ஆள், பூஞ்சைக்கும் பிடித்த தீனி. அதை மட்டும் சுட்டுத் தள்ளிவிட்டால் மரம் மழையில் ஊதாது, மட்காது. நம்மூர் மழைக்கால நிலைக்கதவுகளுக்கு இது வந்தால் எவ்வளவு நிம்மதி! பலம் மட்டும் சற்றுக் குறையும், பாரம் தாங்கும் உத்தரத்துக்கு ஆகாது.

இதமான சூடு போதும் என்றால் வியன்னாவின் மிக்கேல் தோனெட்டைப் பாருங்கள். பீச் மரக் கம்பிகளை நீராவியில் ஊறவைத்தார். ஈரமும் 100 டிகிரிச் சூடும் சேர்ந்தால் லிக்னின் இளகிவிடும். உடனே இரும்பு அச்சில் வைத்து வளைத்து உலரவிட்டால் அந்த வளைவு அப்படியே உறைந்துவிடும். 1859-ல் வந்த அவருடைய 14-ஆம் எண் நாற்காலிக்கு ஆறே ஆறு மரத்துண்டுகள், பத்துத் திருகாணிகள், இரண்டு நட்டுகள். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள்! 1930-க்குள் 5 கோடி விற்றது. பழைய காபி கிளப்புகளில் நீங்கள் உட்கார்ந்த வளைந்த முதுகு நாற்காலிகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன்.

எரிமலையும் மரத்தைக் காப்பாற்றும்! கி.பி. 79-ல் வெசுவியஸ் வெடித்தபோது ஹெர்குலேனியம் நகரைச் சுடுசாம்பல் வெள்ளம் மூடியது. காற்றுப் புகாத புதையலுக்குள் மரமெல்லாம் எரியாமல் கரியாக மட்டும் மாறியது. ராமநாதபுரத்துக் கரிமூட்டத்தில் சீமைக்கருவேலக் கட்டைகளை அடுக்கி மண் பூசி மூடுகிறார்களே, அந்த வேலையை எரிமலை ஒரு நகரத்துக்கே செய்துவிட்டது. உத்தரம், கதவு, கட்டில், குழந்தையின் தொட்டில் வரை கிடைத்திருக்கின்றன. ஒரு வீட்டில் கூடத்தை மறைத்த மடக்குத் தடுப்பு நின்ற இடத்திலேயே நிற்கிறது. மட்கிப்போயிருக்க வேண்டிய மரத்துக்கு இரண்டாயிரம் வயது!

தீயே இல்லாமல் தீ!

இது கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிற பகுதி. 300 டிகிரி வரை கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? சுடுநீராவிக் குழாயையோ புகைபோக்கியையோ ஒட்டி வருடக்கணக்கில் வெந்துகொண்டிருக்கும் மரம், அதைவிட வெகு குறைந்த சூட்டில் தானாகப் பற்றிய சம்பவங்கள் உண்டு. மெல்ல மெல்லக் கருகி, உட்புறம் கரியாகி, ஒருநாள் உள்ளே உண்டாகும் வெப்பம் வெளியேறும் வெப்பத்தை மிஞ்சிவிடும். அப்புறம் என்ன, புகைதான். துல்லியமாக எப்படி நடக்கிறது என்பதில் அறிஞர்களிடையே சண்டை தீரவில்லை. தீப்பற்றுதலுக்கென்றே ஆயிரம் பக்கத்துக்கு மேல் கையேடு எழுதிய பாப்ராஸ்கஸ், மரத்தை 77 டிகிரிக்கு மேல் நெடுங்காலம் வைத்திருக்காதீர்கள் என்கிறார். 77! கொதிக்கிற தண்ணீரைவிடக் குறைவு.

மரத்துக்கு மெருகேற்றும் ஆளிவிதை எண்ணெய் இன்னும் பொல்லாதது. பூசிவிட்டுக் கசக்கி மூலையில் போட்ட துணியில், எண்ணெய் உலரும்போதே ஆக்சிஜனைப் பிடித்துச் சூடாகும். துணிச்சுருள் அந்தச் சூட்டை வெளியே விடாது. யாரும் தீக்குச்சி கிழிக்காமலே பற்றும்! 1991 பிப்ரவரி 23-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒன் மெரிடியன் பிளாசா என்ற 38 மாடிக் கட்டடத்தின் 22-ஆம் மாடியில் தொடங்கிய தீக்கு இப்படிப்பட்ட துணிகள்தான் காரணம். மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்தார்கள். மாடி மாடியாக ஏறிய தீ நின்றது எங்கே தெரியுமா? தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான்கள் இருந்த 30-ஆம் மாடியில், பத்தே பத்துத் தெளிப்பான்கள் திறந்ததில்! ஆசாரி வேலை முடித்துப் போனதும் எண்ணெய்த் துணியை விரித்துக் காயப் போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கி வையுங்கள்.

மரத்தூளை மட்டும் சும்மா நினைத்துவிடாதீர்கள். தூலம் எவ்வளவு பொறுமைசாலியோ தூள் அவ்வளவு முன்கோபி. காற்றில் மிதக்கிற ஒவ்வொரு துகளுக்கும் சுற்றிலும் ஆக்சிஜன், சூடேறுவதற்கு நொடிகூட வேண்டாம். ஒரு பொறி பட்டால் எரியாது, வெடிக்கும்! கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2012 ஜனவரியிலும் ஏப்ரலிலும் இரண்டு மர அறுவை ஆலைகள் இப்படித்தான் வெடித்துத் தகர்ந்தன, ஒவ்வொன்றிலும் இரண்டு தொழிலாளர்கள் பலியானார்கள்.

எரிந்த மரத்தின் மேல் முதலைத்தோல் மாதிரி பாளம் பாளமாக வெடிப்பு விழுந்திருக்கும். பாளம் பெரிதாகப் பளபளவென்று இருந்தால் யாரோ பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தியிருக்கிறார்கள் என்று அமெரிக்கத் தீ விசாரணையாளர்கள் பல காலம் சத்தியம் செய்துவந்தார்கள். அதற்கு ஆதாரமே கிடையாது! அந்த நாட்டின் தேசியத் தீப்பாதுகாப்புச் சங்கம் 1992-ல் கொண்டுவந்த 921-ஆம் எண் வழிகாட்டி இத்தகைய நம்பிக்கைகளை மூட்டைகட்டச் சொன்னது. அதுவரை எத்தனை பேர் அந்தப் பாளங்களை நம்பிச் சிறைக்குப் போனார்களோ!

மரத்தில் 25 மாடி!

இவ்வளவு தெரிந்த பிறகு மனிதன் சும்மா இருப்பானா? பலகைகளை அடுக்கடுக்காக ஒட்டிப் பெரும் தூண்களாகவும் பாளங்களாகவும் ஆக்கி, நார்வேயின் புருமுண்டால் ஊரில் 2019-ல் 85.4 மீட்டர் உயரத்துக்கு 18 மாடி எழுப்பிவிட்டார்கள், மியோஸ்தோர்னெட் என்று பெயர். 2022-ல் அமெரிக்காவின் மில்வாக்கியில் அசெண்ட் என்ற குடியிருப்பு 25 மாடி, 86.6 மீட்டர். கீழ்த்தளங்களும் லிஃப்ட் கூண்டும் கான்கிரீட், மேலே எல்லாம் மரம்.

தலைவலி எங்கே வந்தது என்றால், மரத்தில் இல்லை, பசையில்! சோதனைத் தீயில் முதல் அடுக்குக் கருகியதும் பசை சூட்டில் இளகிக் கரிப்பலகை பொத்தென்று கழன்று விழுந்தது. உள்ளேயிருந்த புது மரம் தீயின் முகத்துக்கு நேராக வந்துவிட, அடங்கிக்கொண்டிருந்த தீ அறை முழுக்க மறுபடியும் வெடித்தெழுந்தது. அதற்கப்புறம்தான் 2018-ல் வட அமெரிக்கத் தரநிலை திருந்தியது. சூட்டில் பிடி விடாத பசை என்று அறை அளவுத் தீயில் நிரூபித்தால்தான் இனி அனுமதி. அசெண்டின் தூண்களையோ மேடிசன் நகரில் இருக்கிற அமெரிக்க அரசின் வனப்பொருள் ஆய்வுக்கூடம் உலையில் போட்டு மூன்று மணி நேரம் எரித்தது. அடுப்பில் மூன்று மணி நேரம் விறகு நின்றதாக யாராவது சொன்னால் நம்புவீர்களா? அந்தத் தூண்கள் நின்றன.